வழுவும் வழுவமைதியும்

தமிழிலக்கணம் கற்றார், வழுவென்பது ஒன்று, வழுவமைதியென்பது பிறிதொன்று என நன்கறிவர். காரணங் கண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட வழுவே வழுவமைதியாம். இவ்வேறுபாடு கணனியிற் கணக்கிடுவார்க்கும் இன்றியமையாததென்பது எம் கருத்து.

வெப்பம் பரவும் இயல்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பூரியே, அலைவுகளைச் சைன், கோசைன் அலைகளின் கூட்டாகக் காட்டலாமென 1822 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். அவர் பெயரால் வழங்கும் உருமாற்றம் இன்று ஒலி, படம், வானொலி யாவற்றிலும் பயில்கின்றது. 1024 அளவீடுகளை நேர்முறையில் உருமாற்றப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிக்கலெண் பெருக்கல்கள் வேண்டும். 1965 இல் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுமுறைக்கு 5,120 போதும். விரைவோடு செம்மையுங் கூடுகின்றது. ஒவ்வொரு விடையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவதாலன்றிப் பத்துப் படிகளால் அமைதலின், மட்டந்தட்டல் வழு சேர்தற்கு இடங் குறைவு.

ஆயினும் கணனி எண்களை முற்றாக ஏந்துவதன்று. இரட்டைச் செம்மையில் ஏறத்தாழ 16 தசம இலக்கங்களும் ஒற்றைச் செம்மையில் ஏறத்தாழ 7 உமே நிற்கும். பத்திலொன்றென்னும் எளிய எண்ணுந் துவித முறையில் முடிவின்றி நீளுதலின் வெட்டப்படுகின்றது. இவ்வாறு வெட்டப்பட்ட பத்திலொரு செக்கனால், பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தடுப்புப் பொறியின் காலக்கணக்கில் நூறு மணிநேரத்தில் ஏறத்தாழ 0.34 செக்கன் வழு சேர்ந்தது. 1991 பெப்ரவரி 25 இல், சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அப்பொறி தடுக்கத் தவறிய ஏவுகணையால் அமெரிக்கப் படையினர் 28 பேர் மாண்டனர்.

பூரியே உருமாற்றத்துக்குச் செய்நிரல் எழுதும் மாணவர் சிலர், முதற் கோணத்தின் சைன், கோசைன் பெறுமானங்களை மட்டுங் கண்டு, ஏனையவற்றை மீண்டும் மீண்டும் பெருக்கியே பெறுகின்றனர். முதலிற் புகுந்த சிறு வழு பெருக்கந்தோறும் வளரும். விரைவுமுறை தந்த செம்மை வீணாகும். ஒவ்வொரு கோணத்துக்கும் நேரே கண்டு அட்டவணையில் வைத்தலே முறை.

உருமாற்றியதை மீள உருமாற்றிப் பழைய எண்கள் வந்தாற் போதுமென்பாரும் உளர். போதாது. செல்லும்போது நேர்ந்த வழுவை மீளும்போது நேரும் வழு மறைத்தலுங் கூடும். ஆதலின், விடை முன்னரே தெரிந்த தனியலையொன்றைக் கொடுத்துஞ் சோதித்தல் வேண்டும்.

விடை வந்ததென்பதோடு எங் கல்லூரி மாணவர் அமையற்க. வழு எவ்வளவு, எங்கிருந்து வந்தது, பொறுக்கத்தக்கதா என மூன்றையும் வினவுக. ஆசிரியன்மாரும் விடைக்கு மட்டுமன்றி, வழுவின் அளவைக் கூறுதற்கும் புள்ளி வழங்குவாராக.