காய்ச்சினாலும் அகலாத நஞ்சு

நீரைக் காய்ச்சிப் பருகவேண்டும் என்பது நம் இல்லங்களில் வழிவழி வந்த அறிவுரை. கிருமிகளைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியே. ஆனால் தொழிற்சாலைகள் வெளியேற்றும் சில இரசாயனங்கள் கொதிநீரிலும் அழிவதில்லை என்பதை நாம் அறிதல் வேண்டும்.

ஒட்டாத வாணலிப் பூச்சின் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள டூபாண்ட் ஆலையிலிருந்து வெளியேறிய அது, சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 69,000 பேர் ஆய்வில் பங்குகொண்டனர். சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய், கர்ப்பகால இரத்த அழுத்தம் முதலிய ஆறு கோளாறுகளுடன் இதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிஞர் குழு 2012-க்குள் முடிவுரைத்தது.

உடலில் புகுந்த இந்நஞ்சில் பாதி வெளியேறவே சில ஆண்டுகள் ஆகும். காய்ச்சும்போது நீர் ஆவியாகிக் குறையுமேயன்றி நஞ்சு குறையாது. கரி வடிப்பானும் ஆர்.ஓ. கருவியும் இதனைப் பெருமளவு அகற்றும். ஆனால் வடிப்பானை உரிய காலத்தில் மாற்றுதல் அவசியம்.

எனினும் ஒவ்வோர் ஏழை இல்லமும் கருவி வாங்க இயலுமோ? கழிவை ஆலைவாயிலிலேயே தடுப்பதே முறை. ஆலைகளுக்கு அருகே வாழ்வோர் தம் குடிநீரைச் சோதிக்குமாறு கேட்பது வீண் தொல்லையன்று. தம் பிள்ளைகளுக்கு ஆற்றும் கடமையே.