வேலி உண்டு; மறைவு உண்டா?

நயினாதீவிலே பனையோலையால் வேலி அடைப்பதும், பொழுதுபட்டதும் படலை சாத்துவதும் அயலவரைப் பகைப்பதற்கன்று. வீட்டுப் பேச்சு வீட்டோடு நிற்க வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். இன்றோ அந்த வேலியைக் கடந்து, கைத்தொலைபேசி நம் வீட்டினுள்ளே குடியேறிவிட்டது.

அக்கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் தீவக வாழ்வை அறியாதவர். குறிகாட்டுவானிலிருந்து படகு புறப்படுமா என்று அறியவும், நோயாளிக்காக வைத்தியரை அழைக்கவும், கமக்காரர் சந்தை விலை கேட்கவும், கடல் கடந்து வாழும் பிள்ளையின் முகத்தைத் தாய் காணவும் அது துணை நிற்கிறது. ஆனால், துணைக்கு வந்தவனே வீட்டுச் செய்தியை வெளியே கொண்டுபோவானாயின், அவனிடம் எச்சரிக்கையாக இருப்பது அறிவுடைமையன்றோ?

நாம் பேசாதிருக்கும் வேளையிலும் கைத்தொலைபேசி அண்மையிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொண்டபடியே இருக்கிறது. ஆகவே, அதனை வைத்திருப்பவர் எப்பகுதியில் இருக்கிறார் என்பதைச் சேவை நிறுவனம் அறியும். சிம் அட்டை அடையாள அட்டை இலக்கத்தோடு பதியப்படுவதால், அவர் யார் என்பதையும் அறியும். செயலிகளோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. படங்களைப் பார்க்கலாமா, சேமித்த இலக்கங்களைப் பார்க்கலாமா என்று அவை கேட்கின்றன. நாம் வாசியாமலே ஆம் என்கிறோம். அந்த ஒரு சொல்லால் நம்முடைய இரகசியம் மட்டுமா போகிறது? நாம் பெயரெழுதி வைத்திருக்கும் ஆசிரியர், வைத்தியர், கமக்காரர், உறவினர் அனைவரின் இலக்கங்களும் போகின்றன. அவர்களிடம் அனுமதி கேட்டவர் யார்?

அந்தரங்கம் தனியொருவரின் சொத்து என்று எண்ணுவதே பெரும் பிழை. வட்டாரத்தைச் சொன்னாலே குடும்பத்தை அடையாளம் காணும் சிறிய தீவில், ஒருவரின் கவனக்குறைவு பலருக்குத் தீங்காகிறது. நாகபூசணி அம்மன் உற்சவத்தில் நாம் எடுக்கும் படத்தில் அயல்வீட்டுப் பெண்பிள்ளையின் முகமும் இருக்கிறது. நாம் அனுப்பும் கணத்தில் அது அவள் அறியாத கைகளுக்கெல்லாம் போய்விடுகிறது. திரும்ப அழைத்தால் அது வருமா?

தமிழ் மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 2011இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்ப விவரங்களைப் பதியத் தொடங்கியபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அப்பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. அன்று படலையடியில் நின்று கேட்டவரிடம் சொல்ல அஞ்சிய விவரங்களை, இன்று கேள்வி முடியுமுன்னரே கொடுத்துவிடுகிறோம்! கேட்பவர் சீருடை அணியாத வணிகர் என்பதனால் அபாயம் நீங்கிவிடுமா? வணிகரிடம் சேர்ந்த விவரம் நாளை அதிகாரியின் மேசைக்குச் செல்லாது என்பதற்கு உத்தரவாதம் எங்கே?

இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ, அடிப்படை உரிமைகளின் வரிசையில் அதற்குத் தனி இடம் அளிக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது நம்பிக்கை பிறந்தது. ஆயின், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆகவே நாம் வலியுறுத்துகிறோம்: அந்தரங்க உரிமை அரசியலமைப்பில் பொறிக்கப்படவேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழு வலிமையோடு செயற்படவேண்டும். செயலிகளின் நிபந்தனைகள் விளங்கும் தமிழில் தரப்படவேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றி எவருடைய தொலைபேசியையும் அதிகாரிகள் திறந்து பார்த்தலாகாது.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கவும் கூடாது. காரணமின்றி இலக்கங்களைக் கேட்கும் செயலிக்கு மறுப்புச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் படங்களை அகற்றுங்கள். பிறர் முகமுள்ள படத்தை அவர் சம்மதமின்றி அனுப்பாதீர்கள். படித்தோர் இவற்றைப் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் பொறுமையோடு எடுத்துரைக்கவேண்டும். அயலவரின் மறைவை நாம் காத்தாலன்றி, நம் மறைவைக் காக்குமாறு அரசிடம் கேட்க நமக்கு என்ன தகுதி உண்டு?