கசியும் என்று தெரிந்தும் அந்த ஊசி ஏன்?

"ஸ்ட்ரோக்குக்குப் போடுகிற, ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். போடாமல் இருப்பதே நல்லது." அவசரப் பிரிவு வாசலில், கையெழுத்துக் கேட்கும் நேரத்தில், உடன் வந்த யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டார் தயங்குகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய மூளை அந்தத் தயக்கத்தில் அழிகிறது.

கசிவு பொய்யல்ல. 1995-ல் அமெரிக்காவில் வெளியான என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வில், ஆல்டிபிளேஸ் என்ற அந்த ஊசி மருந்தைப் பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு 36 மணி நேரத்துக்குள் உடல்நிலையைக் கெடுக்கும் மூளைக் கசிவு ஏற்பட்டது. பெறாதவர்களில் 0.6 சதவீதம்தான். பயமுறுத்துகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 17 சதவீதமும், பெறாதவர்களில் 21 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய ஊனமில்லாமல் தேறியவர்கள் முன்னதில் 39 சதவீதம், பின்னதில் 26. கசிவால் போன உயிர்களையும் சேர்த்த கணக்கு இது.

"கசிவு தலைவிதி, யாரும் தடுக்க முடியாது" என்பது அடுத்த வாதம். முழுவதும் தடுக்க முடியாது, குறைக்க முடியும். அதற்கான வேலை ஊசிக்கு முன்பே தொடங்குகிறது. ஏற்கெனவே கசிவு இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வந்த பிறகே ஊசி. அடுத்த 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்டவிடாமல் காவல். எடைக்கேற்ற அளவு: கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு பருமனானவருக்கும் 90-க்கு மேல் இல்லை. மறு ஸ்கேன் பார்க்கும்வரை, முதல் 24 மணி நேரம் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கிடையாது. மருந்து ஏறும்போது கடும் தலைவலியோ வாந்தியோ வந்தால் உடனே நிறுத்தி மீண்டும் ஸ்கேன். இந்த ஒழுங்கு தளரும் இடத்தில்தான் கசிவு கூடுகிறது. அஞ்ச வேண்டியது அந்தத் தளர்ச்சிக்கு.

"அப்படியானால் அளவைக் குறைத்துப் போடலாமே?" நியாயமான கேள்வி. 2016-ல் வந்த என்சாண்டட் ஆய்வு கிலோவுக்கு 0.6 மில்லிகிராமைச் சோதித்தது. கசிவு 2.1-லிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஊனத்தைத் தவிர்ப்பதில் முழு அளவுக்குக் குறைந்ததல்ல என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. கசிவைக் குறைப்பது மட்டுமே வெற்றியாகாது.

கசிவின் வேரையே ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மருந்து கட்டைக் கரைப்பதோடு மூளை ரத்தக்குழாய்களின் தடுப்பையும் தளர்த்துகிறது என்றும், ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் அதைத் தணிக்கிறது என்றும் 2008-ல் எலிகளில் கண்டார்கள். இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பதே எல்லாவற்றிலும் கொடிய யோசனை. வழக்கமாக இந்த ஊசிக்குரிய அவகாசம், அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைகிறது. கசிவு அபாயமோ குறைவதில்லை.

வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும், அவர் சாப்பிடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் பெயரையும் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.