கூழாங்கல்லுக்குத் தகுமா அந்தப் புலி?

ஒரு குடிகாரத் தகப்பன், வகுப்பிலிருந்து இழுத்து வரப்பட்ட மகன். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன தாயைக் கூட்டிவரப் போய், பொளக்கும் வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தில் கதை இவ்வளவுதான். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதை வென்ற முதல் தமிழ்ப்படம் இது. அதே ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. அங்கே முதல் பட்டியலையே தாண்டவில்லை.

‘ரெண்டு பேர் நடந்ததுக்கா விருது?’ என்று படம் எடுக்கப்பட்ட மேலூர்ப் பக்கம் யாராவது கேட்டால் அதில் தப்பில்லை. ஆனால் அந்த நடையைக் கவனிக்க வேண்டும். கருத்தடையான் நடிக்கும் கணபதி விறுவிறுவென்று முன்னே போகிறான். மகன் வேலு வேண்டுமென்றே பின்தங்குகிறான். உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் பாய்ச்சுகிறான். அடி வாங்கும் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன ஆயுதம்? தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும், முன்பே சேர்த்துவைத்த கற்களோடு அதையும் போடுகிறான். இப்படி எத்தனை நடை நடந்திருப்பான் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்தக் குவியல். விருது இந்தக் கைத்திறனுக்கு என்றால், தாராளமாகத் தகும்.

வறண்ட கிராமத்தின் ஆவணம் என்று இதைப் புகழ்வதைத்தான் ஏற்க முடியவில்லை. படத்தின் களமான அரிட்டாபட்டியைத் தமிழக அரசு 2022-ல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரசுக் கணக்குப்படி அங்கே 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் இவற்றைக் காக்கச் சுற்றுவட்டாரமே திரண்டு போராடியது. 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. படத்தின் கடைசிக் காட்சியில் குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் காத்திருந்து அள்ளுவது பொய்யில்லை. ஆனால் அது கோடையின் ஒரு பகல். ராட்டர்டாமில் பார்த்தவர் அதையே ஊரின் பன்னிரண்டு மாதமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அது இயக்குநரின் குற்றமல்ல; அவர் காட்டியது தாகமெடுத்த ஒரு சிறுவனின் ஊர்.

இன்னொரு குறை உண்டு. படம் தியேட்டருக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக சோனி லிவ்வில் இறங்கியது. ஒன்றேகால் மணி நேர வெயிலைக் கைப்பேசியில் பார்த்து ‘ஸ்லோ’ என்று தள்ளிவிட்டவர்கள், பெரிய திரையில் ஒருமுறை அந்தப் பொட்டல் முழுக்க விரியப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.