கொடையன்று

இந்நாட்டுப் பெண்டிர் வாக்குரிமைக்காகப் போராடியதில்லை, ஆள்வோரும் ஆடவரும் மனமுவந்து அளித்தனர் என்று எழுதுவோர் இன்றும் உளர். மாதேஸ்வரன் மலைத் தமிழர்க்கேனும் இக்கூற்றின் பொய்ம்மை புலப்படல் வேண்டும். இம்மலை அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூரொடு இணையும்வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் சென்னை மாகாண மகளிர் பெற்ற உரிமையின் வரலாறு இம்மலைக்கும் உரியதே.

1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் குழுவொன்று சென்னையில் மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கேட்டது. சவுத்பரோ குழு மறுத்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டமோ முடிவை மாகாணச் சட்டமன்றங்களின் தலையில் கட்டியது. இந்திய மாதர் சங்கம் ஓயாது உழைத்த பின்னரே 1921இல் சென்னைச் சட்டமன்றம் இசைந்தது. கேளாமல் கிடைத்ததென்பார் இந்நான்கு ஆண்டுகளை எங்கே ஒளிப்பர்? கிடைத்ததும் சொத்தும் வரியும் உடையார்க்கே. தேனெடுத்து வாழ்ந்த சோளகப் பெண்ணுக்கு வாக்காளர் ஏட்டில் இடம் ஏது?

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, 1927இல் அம்மன்றத்தின் துணைத் தலைவரானார். 1930இல் காந்தியடிகள் கைதானதும் பதவியைத் துறந்தார். நம் விழா மேடைகளில் அவர் ‘சமூக சேவகி’. அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர். அரசியல்வாதி என்றுரைக்க மட்டும் நா எழுவதில்லை. காரணம் எளிது: தொண்டு செய்வாளை வணங்கிவிட்டுப் போகலாம், உரிமை கேட்பாளுக்கு விடை கூற வேண்டும்.

வாக்காளனின் மனைவி என்பதால் ஒருத்திக்கு வாக்கு என்னும் திட்டத்தை மகளிர் அமைப்புகள் வெறுத்தன. கணவன் இறந்தால் உரிமையும் இறக்குமோ? 1933இல் இலண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் அவ்வமைப்புகளின் சார்பில் சாட்சியமளித்தோருள் முத்துலெட்சுமியும் ஒருவர். எனினும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகுதி நுழையவே செய்தது. அந்நோய் எளிதில் தீரவில்லை. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்த முதற் பொதுத்தேர்தலிலும், தம் பெயர் கூறாது ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்று மட்டும் பதிந்த ஏறத்தாழ 28 இலட்சம் மகளிர் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் வடபுலத்தார் என்பது நமக்குச் சிறு ஆறுதல்; பெருமையன்று.

அன்று அவ்வமைப்புகள் தனி ஒதுக்கீட்டையும் வேண்டாவென மறுத்தன. அஃது அரிய துணிவு. ஆயின் ஆடவர்தம் நேர்மையை மிகையாக நம்பிய துணிவு என்பேன். 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடங்களுள் பெண்கள் வென்றவை 74. மூன்றிலொரு பங்கு தரும் சட்டம் 2023இல் நிறைவேறியபோதும், கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடியட்டும் என்ற நிபந்தனையோடே வந்தது. தில்லியை மட்டும் பழிப்பானேன்? நம் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுப் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். மகளிர் பெயர்களைத் தேடுவோர், அவற்றைக் குத்துவிளக்கேற்றுவோர் வரிசையிலே காண்பர்.