66 போய் 32 வந்த கதை



போன இதழில் மரக்காணம் உப்பளங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒன்று கிளியனூரிலிருந்து. “எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையை நான் பள்ளியில் படித்த காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 66 என்பார்கள். இப்போது செல்போனில் வரைபடத்தைத் திறந்து 66ஐத் தேடினால் அது கோவாவில் போகிறது. எங்கள் சாலையை யார் தூக்கிக்கொண்டு போனது?” என்று கேட்டிருந்தார். கேள்வியில் குறும்பு இருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சாலையை யாரும் தூக்கிப் போகவில்லை, எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2010இல் மத்திய அரசு நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்களை அறிவித்தது. அதுவரை எண்களில் பெரிய ஒழுங்கு கிடையாது. புதிய முறையில் வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண். இரட்டைப்படை எண்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகக் கூடும். ஒற்றைப்படை எண்கள் வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். அதனால்தான் நம் கிழக்குக் கடற்கரைப் பக்கத்துச் சாலை 32, ஸ்ரீநகரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகக் கன்னியாகுமரிக்கு நடுவில் இறங்குவது 44, மும்பைக்குப் பக்கத்துப் பன்வேலில் புறப்பட்டு அரபிக் கடலோரமாகவே கன்னியாகுமரி வருவது 66.

பழைய 66 புதுச்சேரியில் புறப்பட்டு, கிளியனூர், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று போய்க் கிருஷ்ணகிரியில் முடிந்தது. அங்கிருந்து ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். புதுச்சேரியையும் தமிழ்நாட்டையும் கோத்து, கர்நாடகத்துக்கு வழி விட்ட சாலை அது. பெங்களூரு பஸ் இன்றும் அந்த வழியில்தான் போகிறது. புது ஏற்பாட்டில் அதை இரண்டாக வெட்டினார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் வரையுள்ள பகுதி 77 ஆயிற்று. திண்டிவனத்திலிருந்து பாண்டி வரையுள்ள துண்டைச் சென்னையிலிருந்து வரும் பழைய 45இன் ஒரு பகுதியோடும், பாண்டிக்குத் தெற்கே கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று போகும் பழைய 45ஏ-யோடும் சேர்த்துத் தைத்து, தூத்துக்குடி வரை நீட்டி 32 என்று பெயர் வைத்தார்கள். மேற்கே பார்த்துக்கொண்டிருந்த கிளியனூர்ச் சாலை ஒரே அறிவிப்பில் தெற்கே பார்க்கத் தொடங்கியது.

மூன்று இலக்க எண்களுக்கும் ஒரு வம்சக் கணக்கு உண்டு. 32இன் கிளைகள் 132, 332 என்று அந்த எண்ணிலேயே முடியும். திண்டிவனம்–விழுப்புரம் 132. புதுச்சேரி–விழுப்புரம் 332. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரி வரும் ‘ஈசிஆர்’ என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை 332ஏ. தாத்தா 32, பிள்ளை 332, பேரன் 332ஏ என்று வைத்துக்கொண்டால் இனி எந்த ஊர்ப் பலகையைப் பார்த்தாலும் உறவு விளங்கிவிடும்.

எண்களின் கதை இவ்வளவுதான். வழியின் கதை இதைவிடப் பல நூறு ஆண்டுகள் பழையது.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பள்ளிக்கூடப் பாடமாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. நம் வட்டாரத்துக்குக் கிடைத்திருக்கும் முதல் வழிகாட்டி நூல் அது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது. பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பரிசில் தேடிப் போகும் பாணனுக்குப் புலவர் வழி சொல்கிறார்: எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் அரசன் இருக்கும் கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரைக் கிளியனூருக்குப் பக்கத்து உப்புவேலூரோடும் ஆய்வாளர்கள் பொருத்திச் சொல்வார்கள். கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே அடங்கிவிட்டது.

புலவர் ஊர்ப்பெயர்களை மட்டும் அடுக்கவில்லை. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்கிறார். கடற்கரையில் பரதவர் சுட்ட மீன் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டில் புளி சேர்த்த சூடான சோறு. ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும். இந்த நூலில்தான் உப்பு வணிகரான உமணரின் வண்டித்தொடரும் வருகிறது. வண்டியோடு வந்த மந்தி ஒன்று, முத்து கிடக்கும் கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக்கி உமணரின் பிள்ளைகளோடு விளையாடுகிறது. உப்பு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போன வழியில், குடும்பத்தோடு, குரங்கோடு, மாட்டு வண்டியில் மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சாலை முதலில் உண்டானது இப்படித்தான். இங்கே விளைந்ததை அங்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. சக்கரம் பதிந்த தடம் வழியாயிற்று.

பிறகு வந்தவர்களும் அந்தப் போக்கிலேயே நடந்தார்கள். திருஞானசம்பந்தர் பாடிய தலங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: அச்சிறுபாக்கம், கிளியன்னவூர் என்னும் கிளியனூர், அரசிலி என்னும் ஒழிந்தியாப்பட்டு, இரும்பை மாகாளம். சென்னையிலிருந்து 32இல் பாண்டிக்கு வருகிறவர் இந்த நான்கு கோயில்களையும் சாலையிலிருந்து சற்றே உள்ளே திரும்பித் தரிசித்துவிடலாம். பக்தர்கள் போன வழியில் பீரங்கியும் போயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை வென்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை, திண்டிவனம்–மரக்காணம் வழியிலிருக்கும் பெருமுக்கல் மலைக்கோட்டையையும் கடலோர ஆலம்பரைக் கோட்டையையும் பிடித்துக்கொண்டு பாண்டியை நெருங்கியது. அடுத்த ஜனவரியில் பாண்டி விழுந்தது.

பாண்டி திரும்பவும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், இந்தச் சாலை நீண்ட காலம் இரண்டு நாடுகளுக்கு நடுவிலிருந்த சாலையானதும் இளைய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். கோரிமேட்டில் இன்று நாம் கவனிக்காமலே தாண்டிப் போகும் எல்லை, அன்று பிரான்ஸின் எல்லை. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1949இல் இந்தியா பிரெஞ்சுப் பகுதிகளோடு இருந்த சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லையில் சோதனை கடுமையாயிற்று. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. நம் மாவட்டத்துச் சாலையில் ஒரு நாட்டின் எல்லை மாநில எல்லையாக இறங்கிய கதை இது.

அந்த விடுதலைக் காலத்தில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவரும் இந்தச் சாலைக்காரர்தான். 1947 முதல் 1949 வரை அப்பொறுப்பில் இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சொந்த ஊர், கிளியனூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிறது. சென்னையில் ‘ஓமந்தூரார் வளாகம்’ என்று தினமும் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஓமந்தூர் எங்கே என்று தெரியும்?

சாலையைத் தவிர வேறு வழிகளையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வந்த பக்கிங்ஹாம் கால்வாய்க்குத் தெற்கு முனை மரக்காணம். உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. புயல்களும் பராமரிப்பில்லாமையும் அதை முடித்துவைத்தன. ரயில் 1879இலேயே பாண்டிக்கு வந்துவிட்டது. ஆனால் விழுப்புரம் வழியாக. திண்டிவனத்திலிருந்து பாண்டிக்கு நேர் ரயில் பாதை இன்றும் இல்லை. மாமல்லபுரம் வழியாகச் சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கடலோர ரயில் பாதைக்கும், திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை பாதைக்கும் ஒப்புதல் கிடைத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது, ரயில் ஓடவில்லை. ஆகவே எல்லாப் பாரமும் சாலையின் மேல்தான். மல்லாட்டை மூட்டை, கரும்பு, சவுக்குக் கட்டை, கோடையில் தர்பூசணி, ஜிப்மருக்குப் போகும் நோயாளி, ஆரோவில் பார்க்க வரும் வெளிநாட்டவர், சனி ஞாயிறு கூட்டம், எல்லாம் இதன் மேல்தான்.

சாலையும் தாங்கிக்கொண்டது. திண்டிவனம்–பாண்டி இடையே ஏறக்குறைய 38 கி.மீ. நீளம் 2011 வாக்கில் நான்கு வழியாயிற்று. மொரட்டாண்டியில் டோல்கேட் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2002இல், கடலோரத்தில் ஈசிஆர் சுங்கச் சாலையாகியிருந்தது. இப்போது அதுவும் 332ஏ என்ற பெயரில் நான்கு வழியாகிக்கொண்டிருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கி.மீ. தூரத்துக்கு 2,157 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது.

நல்ல செய்திதான். ஆனால் இந்த இடத்தில் ஆசிரியருக்குரிய உரிமையை எடுத்துக்கொண்டு ஒன்று சொல்ல வேண்டும். பழைய சாலை நடுவில் இருந்த ஊர்களால் உண்டானது. உப்பு இருந்ததால் வண்டி வந்தது. வண்டி வந்ததால் வழி வந்தது. இன்றைய நெடுஞ்சாலையை இரண்டு முனைகளை மட்டும் பார்த்துத் திட்டமிடுகிறோம். சென்னையிலிருந்து பாண்டிக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்பதே பெரிய கணக்கு. ‘பைபாஸ்’ பஸ் கிளியனூரில் நிற்காது. ‘ஈசிஆர்’ பஸ் கிளியனூர்ப் பக்கமே வராது. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே இருக்கிறவருக்குக் கூட்டுரோட்டில் காத்து நிற்கும் நேரம் குறைந்திருக்கிறதா? பள்ளிக்கூடப் பிள்ளை நான்கு வழிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவது எளிதாகியிருக்கிறதா? நிமிடக் கணக்கு போடுகிறவர்கள் இவற்றையும் அதில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். 32க்கும் 332ஏக்கும் நடுவில் கிடக்கிறது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மேற்கே இருக்கும் ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து கழுவெளிக்கு வரும். அங்கிருந்து எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகும். தண்ணீர் போவது கிழக்கே. அதன் குறுக்கே இரண்டு சாலைகள். மேடு கட்டிய ஒவ்வொரு சாலையும் மழைக்காலத்தில் ஒரு கரைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சாலைக்கு அடியில் போதிய மதகும் சிறுபாலமும் இல்லாத இடங்களில் அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? வயலுக்கும் வீட்டுக்கும்தான். உப்பளத்துக்கும் இது பொருந்தும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த மரக்காணம் உப்பளத்தில் தை மாசியில் பாத்தி கட்டித் தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு முடிகிறது. அந்தக் கணக்கு முழுவதும் கழிமுகத்தில் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது.

சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கழுவெளிப் பக்கத்தில் சாலையை அகலப்படுத்தும்போது ஒவ்வொரு ஓடைக்கும் வழி விடட்டும். உப்பு லாரி திரும்ப இணைப்புச் சாலை இருக்கட்டும். உப்பு வாரிவிட்டு வரும் பெண்கள் நிழலில் நின்று பஸ் ஏற ஒரு நிறுத்தம் இருக்கட்டும். 2,157 கோடியில் இவை பெரிய செலவல்ல. திட்டம் வரைபடமாக இருக்கும்போதே கேட்க வேண்டும். தார் போட்ட பிறகு கேட்டால் பதில் வராது. மரக்காணம், வானூர் வட்டார வாசகர்கள் தங்கள் கிராம சபையில் இதைப் பேச வேண்டும், தீர்மானமாக எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர் வழியாகப் போகும் பெரிய சாலையின் பழைய கதையை எழுதி அனுப்புங்கள். பழைய எண் என்ன, முதல் பஸ் எது, எல்லையில் சோதனைச் சாவடி இருந்ததா, எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போயிற்று, அகலப்படுத்தியபோது போன புளியமரங்கள் எத்தனை என்று, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம்.  கிளியனூர் வாசகர் தொடங்கி வைத்ததை நீங்கள் எல்லோரும் தொடர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்