விகுதியில் இருக்கிறது தமிழ்

ஓசூர்த் தமிழ் தமிழே அல்ல என்று சொல்லும் இலக்கிய நண்பர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். கன்னடமும் தெலுங்கும் கலந்தது போதாதென்று, 1970களில் சிப்காட் வந்தபின் ஆங்கிலமும் புகுந்து மொழியைக் கெடுத்துவிட்டது என்பது அவர்கள் வழக்கு. அதை நாங்கள் மறுக்கிறோம்.

தொழிற்கூடத்தில் அன்றாடம் ஒலிக்கும் வாக்கியம் ஒன்று: 'சிஸ்டத்துல ஏத்திட்டு சூப்பர்வைசர்கிட்ட சொல்லு.' தூய்மைவாதியின் கண்ணில் படுபவை இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. அவற்றின் பின்னால் ஒட்டி நிற்பதை அவர் காண்பதில்லை. 'மரம்' உருபேற்கையில் 'மரத்தில்' ஆவதுபோலவே 'சிஸ்டம்' 'சிஸ்டத்தில்' ஆகிறது. அத்துச் சாரியையை அந்தத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அது அவர் நாவில் இருக்கிறது.

பகுபதத்திற்கு ஆறு உறுப்புகள் வகுத்தது நன்னூல். அதைப் பவணந்தியார் இயற்றக் காரணமானவன் சீயகங்கன். ஓசூருக்கு வடகிழக்கே உள்ள கோலாரின் பழம்பெயரைத் தன் விருதுப் பெயரில் தாங்கிய கங்கர் மரபினன். தமிழிலக்கணத்துக்கு எல்லைப்புறம் அந்நியமானதல்ல என்பதற்கு இதுவே சான்று.

பாலித் தீவின் மொழியில் 'துலிஸ்' என்னும் வேர் வினையாகும்போது 'நுலிஸ்' என்று தலையே மாறுகிறது. முன்னொட்டும் பின்னொட்டும் அங்கே உண்டு. தமிழோ பெரும்பாலும் பின்னால் மட்டுமே ஒட்டும் மொழி. ஆகவே இரவல் பகுதி முன்னே துருத்திக்கொண்டு தெரிகிறது; இலக்கணம் பின்னே அடக்கமாக நிற்கிறது. முன்னே தெரிவதை வைத்துத் தீர்ப்பெழுதுகிறார்கள்.

ஓசூரில் ஒரே ஆலைக்கு வரும் மூவரைக் கேளுங்கள். 'ஷிப்ட்டுக்கு வந்தேன்' என்பார் ஒருவர். 'ஷிப்ட்கெ பந்தெ' என்பார் மற்றவர். 'ஷிப்ட்கி வச்சானு' என்பார் மூன்றாமவர். பெயர்ச்சொல் மூவருக்கும் ஒன்றே. யார் தமிழர், யார் கன்னடர், யார் தெலுங்கர் என்பதை உருபும் வினைமுற்றுமே சொல்கின்றன. அந்த உருபுகளும் ஒருதாய் மக்கள் என்பது வேறு கதை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 'வெல்டினான்' என்று எவரும் சொல்வதில்லை. 'வெல்ட் பண்ணினான்' என்கிறோம். கன்னடத்தார் 'மாடு' சேர்ப்பதும் இதே வழிதான். இந்தப் 'பண்ணு' பெருகப் பெருக, பற்றவை, முடுக்கு, கடை போன்ற வினைகள் மங்குகின்றன. இழப்பு இங்கேதான். ஆனால் நம் கலைச்சொல்லாக்கமோ பெரும்பாலும் பெயர்களையே வார்த்துத் தள்ளுகிறது. வினைகளைப் பற்றிய கவலை அதற்குக் குறைவு.

'மெஷினை' விரட்டுவதை விட்டுவிட்டு 'முடுக்கு' என்பதை மீட்க வாருங்கள். அந்தச் சொல் இன்னும் நினைவிருப்பவர்களைத் தேட வேண்டிய இடம், நீங்கள் பழிக்கும் அந்தப் பட்டறைகள்தான்.